தேயிலையைப் புகழ்ந்தால் அறிவியல், மருந்தைக் குறை சொன்னால் சந்தேகமா?

கிரீன் டீ பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஏதாவது ஒரு மூலையில் 'அன்டிஒக்சிடன்ட்' என்று போட்டிருக்கும். அந்தச் சொல் சும்மா வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னால் நிறைய ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி, மனித நரம்புக் கலங்களை ஆய்வுகூடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்துச் செய்தவை. அதே மாதிரித் தட்டில்தான் பரகுவாட்டையும் சோதித்திருக்கிறார்கள். நம்ம தோட்டங்களில் வருஷக்கணக்காக அடித்த களைநாசினி அது. கிரமக்சோன் என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

தேயிலையைப் பற்றித் தட்டு சொன்னது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பரகுவாட்டைப் பற்றிச் சொன்னது யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயங்களுக்கு வரவே இல்லை. இது ஏன் என்று நாம் கேட்க வேண்டும்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். உடம்பின் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு பயன்படுத்தும் ஒட்சிசனில் 20 சதவீதம் அளவை அதுவே எடுத்துக்கொள்கிறது. கலத்துக்குள் இழைமணி சக்தியை உண்டாக்கும்போது கொஞ்சம் ஒட்சிசன் தாக்கும் வடிவத்தில் கசியும். சாதாரணமாகக் கலம் அதைச் சமாளித்துவிடும். குளுட்டதயோன் போன்ற காப்புகள் அதற்கென்றே இருக்கின்றன. கசிவு காப்பை மிஞ்சினால் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாம் அடிபடும். இதுதான் ஒட்சியேற்ற அழுத்தம். தோல் காயப்பட்டால் புதுத் தோல் வரும். செத்த நரம்புக் கலத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் எதுவும் வராது.

உயிரோடு இருக்கிறவரின் மூளையைத் திறந்து இதைப் பார்க்க முடியாது. அதனால்தான் தட்டு. அதிகம் பாவிக்கிற கலவகையின் பெயர் எஸ்எச்-எஸ்வை5வை. 1970இல், புற்றுநோய் வந்த 4 வயதுச் சிறுமி ஒருத்தியின் எலும்பு மச்சையில் இருந்து எடுத்த கலங்களின் வழிவந்தவை இவை. இப்போது தோல் கலத்தையே திருப்பி மாற்றி நரம்புக் கலமாக வளர்க்கவும் முடிகிறது. அதற்கு வழிகாட்டிய ஷின்யா யமனாக்காவுக்கு 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இஸ்ரேலின் டெக்னியோன் நிறுவனத்தில் மூசா யூடிம் குழுவினர், இந்தக் கலங்களைப் பச்சைத் தேயிலையின் சேர்வை ஒன்று காப்பாற்றுகிறது என்று காட்டினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் இதே கலங்களில் பரகுவாட்டைப் போட்டால் அவை சாகின்றன. பரகுவாட் ஒரு இலத்திரனை வாங்கி ஒட்சிசனிடம் கொடுக்கிறது. ஒட்சிசன் தாக்கும் வடிவமாக மாறுகிறது. பரகுவாட் பழையபடி ஆகி, அடுத்த இலத்திரனை வாங்கப் போகிறது. தான் தீர்ந்துபோகாமலே இதைத் திரும்பத் திரும்பச் செய்யும். புல்லை அது கருக்குவதும் இப்படித்தான்.

இன்னொரு பழைய செய்தியும் உண்டு. 1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஏற்றிக்கொண்ட இளம் வயதினர் சிலருக்குத் திடீரென்று பாக்கின்சன் நோயின் அறிகுறிகள் வந்தன. அதில் கலந்திருந்த பொருள் உடம்புக்குள் எதுவாக மாறியதோ, அதன் வடிவமும் பரகுவாட்டின் வடிவமும் நெருங்கிய சொந்தம். பரகுவாட்டின் மேல் சந்தேகம் வர இதுவும் ஒரு காரணம்.

"தட்டில் நடப்பதெல்லாம் மனுசனுக்கு நடக்குமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தட்டில் போடுகிற அளவு பெரும்பாலும் அதிகம். தட்டில் இருக்கிற ஒட்சிசன் மூளைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. புற்றுநோய்க் கலம் சாதாரண நரம்புக் கலமும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைத் தேயிலை விளம்பரத்திடமும் கேட்க வேண்டாமா? தேயிலைச் சேர்வைகள், கலம் வளர்க்கிற திரவத்தில் விழுந்ததுமே ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்குகின்றன என்று 2000இலேயே பேரி ஹாலிவெல் குழுவினர் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையை எந்தப் பெட்டியிலும் காணவில்லை. விற்பனைக்கு உதவினால் தட்டு போதும், வேலையாளுக்கு உதவுவதானால் தட்டு போதாது என்பது என்ன நியாயம்?

தட்டு போதாது என்றால் மனிதர்களைப் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள், ஒரு தடவை. பேராதனையின் நிமல் சேனாநாயக்கவும் குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் சராசரியாக 12 வருஷம் பரகுவாட் அடித்த 85 பேரை, தொழிற்சாலை வேலையாட்களோடும் மற்ற வேலையாட்களோடும் ஒப்பிட்டார்கள். பாதிப்பு இல்லை, முக்கியமாக நுரையீரலில் இல்லை என்பது முடிவு. அதை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பாக்கின்சன் பெரும்பாலும் 60 வயதுக்கு மேல் தலைகாட்டுகிற நோய். வேலை செய்துகொண்டிருக்கிற ஆளின் மூச்சை அளந்து, 25 வருஷம் கழித்து வரக்கூடியதைக் கண்டுபிடிக்க முடியாது.

2011இல் கரோலைன் டேனர் குழுவினர், அமெரிக்காவின் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களில் களைநாசினியும் பூச்சிநாசினியும் கையாண்டவர்களை ஆராய்ந்தார்கள். பரகுவாட் பாவித்தவர்களிடையே பாக்கின்சன் ஏறக்குறைய 2.5 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இந்தச் சான்றுகள் போதாது என்றது. விவாதம் அங்கே நடக்கிறது. இங்கே விவாதிக்கக்கூட நம்மிடம் கணக்கு இல்லை.

இலங்கை 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்தது. குடித்துச் சாகிறவர்களைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது, நல்ல முடிவு. ஆனால் தடை வந்ததோடு முதுகில் டேங்கியைச் சுமந்து மலை மலையாக அடித்தவர்களின் கதையும் முடிந்ததாக எடுத்துக்கொண்டோம். 1995இல் 35 வயதில் அடித்தவர் இப்போது 60ஐத் தாண்டிவிட்டார். அவருக்குக் கை நடுங்கினால், சட்டைப் பொத்தான் போடத் தெண்டித்தால், "வயசாச்சுல்ல, அப்படித்தான்"னு விட்டுவிடுகிறோம். பலருக்கு அது வெறும் வயசாகவே இருக்கலாம். ஆனால் பாக்கின்சன் என்றால் மருந்து இருக்கிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால் சொந்தக் கையால் சாப்பிடவும் நடக்கவும் இன்னும் பல வருஷம் முடியும்.

கேட்பது பெரிய ஆய்வுகூடம் இல்லை. யார் எந்த நாளில் என்ன வேலை செய்தார் என்பது செக்ரோலில் ஏறுகிற விஷயம். பழைய செக்ரோல்களைக் கறையானுக்கு விடாமல் காப்பாற்றி, மருந்தடித்தவர்களின் பெயர்களை எடுக்கலாம். தோட்டக் கிளினிக்கில் ஒரு நாள் ஒதுக்கி, நரம்பு வைத்தியர் ஒருவரை வரவழைத்து, அவர்களின் நடையையும் கையையும் பார்க்கச் சொல்லலாம். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சோடு இதையும் மேசையில் வைக்கலாம். பல்கலைக்கழகத்தில் உயிரியலும் மருத்துவமும் படிக்கிற நம்ம பிள்ளைகள் இதை ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாம். தாத்தா மாமா எல்லாம் உயிரோடு இருக்கும்போதே எடுத்தால்தான் பிரயோசனம்.