மேற்குச் சுவரைக் கவனியுங்கள்!

வீடு கட்டப் போகிறீர்களா? முதலில் சூரியனைப் பாருங்கள்.

சித்திரை மாதம் நண்பகலில் நம் ஊர்களில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வருகிறது. மொட்டை மாடி காய்கிறது. மாலையில் சாய்ந்த வெயில் மேற்குச் சுவரைச் சுடுகிறது. செங்கல்லும் காங்கிரீட்டும் அந்தச் சூட்டை விழுங்கி, இரவில் வீட்டுக்குள் கக்குகின்றன. குழந்தை தூங்காமல் அழுகிறது!

செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். கனத்த சுவர், திறந்த முற்றம், சுண்ணாம்புப் பூச்சு. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடும்.

அவ்வளவு பெரிய வீடு நம்மால் கட்ட முடியாதுதான். ஆனால், மேற்கே படுக்கை அறை வேண்டாம். அங்கே மாடிப்படி இருக்கட்டும். வடக்கிலும் தெற்கிலும் எதிர் எதிராக ஜன்னல் வையுங்கள். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மேற்கே ஒரு வேப்பமரம் நடுங்கள்.

கடன்பட்டு ஏ.சி. வாங்குவது பிறகு இருக்கட்டும். வேப்பமர நிழலுக்கு மின்கட்டணம் கிடையாது!