கத்தியா பரப்பியது?

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்தபோது, எங்கள் தெரு அண்ணன் ஒருவர் மஞ்சப்பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். கணையத்தில் கட்டி. பயாப்ஸி எடுக்கச் சொல்லி நான்கு மாதமாகிறது, எடுக்கவில்லை. "ஊசி பட்டா உடம்பெல்லாம் பரவிடும்னு அக்கா அழுவுது. சும்மா இருக்கறத எதுக்குக் கெளறணும்?" என்றார்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இதைச் சொல்லாத தெரு இல்லை. எல்லோரிடமும் ஒரு சாட்சியும் உண்டு: "நல்லாத்தான் இருந்தாரு, ஆபரேஷன் பண்ணாங்க, மூணு மாசத்துல போயிட்டாரு." வயிற்றைத் திறந்தபோதே நோய் முற்றியிருந்தது என்பது அந்தக் கதையில் வராது. தாமதம் செய்த கொலை கத்தியின் கணக்கில் ஏறிவிடுகிறது.

இந்த நம்பிக்கை எந்தப் புற்றிலும் கெடுதல்தான். நியூரோஎண்டோகிரைன் கட்டியில் அது அநியாயம். ஹார்மோன் சுரக்கும் செல்களில் முளைக்கும் கட்டி இது. குடல், கணையம், நுரையீரல் என்று பல இடங்களில் வரும். பெயரில் 'நியூரோ' இருப்பதால் மூளைக்கட்டி என்று நினைக்க வேண்டாம். 2018-இல் தன் நோயை அறிவித்த நடிகர் இர்ஃபான் கானே இதை விளக்க வேண்டியிருந்தது. சிலருக்கு முகம் சிவந்து சூடேறும், பேதி நிற்காது, மூச்சு இழுக்கும். வாயு என்றும் ஆஸ்துமா என்றும் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குவார்கள். கண்டுபிடிக்கும்போதே பலருக்குக் கல்லீரலுக்குப் போயிருக்கும். ஊசியோ கத்தியோ படாமலே போயிருக்கும்.

'சும்மா இருக்கும் கட்டி' என்று முதலில் நம்பியவர் ஒரு ஜெர்மன் டாக்டர், ஓபர்ன்டோர்ஃபர். 1907-இல் இதற்குப் 'புற்றுபோன்றது' என்று பெயர் வைத்தவர், இது பரவவும் கூடும் என்று 1929-இல் தானே திருத்திக்கொண்டார்.

கணையத்தில் வழக்கமாக வரும் புற்று என்றால் பலருக்கு ஒரு வருடமே பெரிது. மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்றால் பத்து வருடம், அதற்கு மேலும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எது என்று உறுதியாகச் சொல்வது பயாப்ஸியில் எடுக்கும் சதைத் துணுக்குதான். அதில் கேஐ-67 என்று ஓர் அளவு பார்ப்பார்கள்: நூறு புற்று செல்களில் எத்தனை பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு. 3-க்குக் கீழே என்றால் நிதானமான கட்டி. 20-ஐத் தாண்டினால் வேகம். மாதம் ஒரு ஆக்ட்ரியோடைட் ஊசி போதுமா, அறுவையா, கீமோவா, மும்பை டிராம்பேயில் நம் அணு உலையிலேயே தயாராகும் லுடீசியம்-177 மருந்தா என்று முடிவெடுக்க டாக்டருக்கு அந்த எண் வேண்டும். அதைத் தரமாட்டேன் என்பது இருட்டில் மருந்து கொடு என்பதுதான்.

ஊசித்தடத்தில் செல் சிந்தவே சிந்தாது என்று நான் சொல்லவில்லை. மிக அரிதாக நடக்கும். விதைப்பைக் கட்டி போன்றவற்றில் அதற்காகவே டாக்டர்கள் ஊசியைத் தவிர்க்கிறார்கள். எங்கே குத்தக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003 அக்டோபரில் கணையத்தில் ஊசியால் சதை எடுத்தார்கள். இந்த வகைக் கட்டி என்று தெரிந்தது அதனால்தான். உடம்பை அறுக்க மனமில்லாமல் ஒன்பது மாதம் பத்தியம், மூலிகை என்று தள்ளினார், பிறகு வருந்தினார். அப்படித் தள்ளியும் பயாப்ஸிக்குப் பின் எட்டு வருடம் இருந்தார். ஐபோனே அதற்குப் பிறகு வந்ததுதான்.

வண்டியில் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அக்காவிடம் நீயே வந்து பேசு என்றார், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ரிப்போர்ட்டில் இருந்த தேதி மார்ச். இப்போது ஜூலை.