தெருவோரத்தில் வைத்த படங்கள்

"மனம் சரியில்லை, பிறகு பார்ப்போம்" என்று கைவேலையை ஒதுக்கிவைக்கும் சகோதரிகளிடம் நான் அலிஸ் நீல் என்ற அமெரிக்க ஓவியரைப் பற்றிச் சொல்வதுண்டு.

1927இல் முதல் மகளைத் தொண்டைக்கரப்பான் நோய்க்குப் பறிகொடுத்தார். 1930இல் இரண்டாவது மகளைக் கணவர் கியூபாவுக்குக் கொண்டுசென்றார். மனமுடைந்து வைத்தியசாலையில் இருந்தார்.

1932இல் நாடே பொருளாதார நெருக்கடியில் தவித்தது. நியூயோர்க் நகரின் வொஷிங்டன் சதுக்கத்தடியில் ஓவியர்கள் தங்கள் படங்களைத் தெருவோரத்தில் வைத்து விற்றார்கள். குணமாகி வந்திருந்த அலிஸும் அவர்களோடு நின்றார். அடுத்த ஆண்டு கோர்னேலியா தெருவில் பனி மூடிக் கிடந்த காட்சியை வரைந்தார். 1974இல் விற்னி அருங்காட்சியகம் அவரது படங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.

அவருடைய துயரம் தீர்ந்துவிடவில்லை. தீரும்வரை அவர் காத்திருக்கவுமில்லை. நீங்களும் உங்கள் கைவேலையை வாசலுக்குக் கொண்டுவாருங்கள், சகோதரிகளே.