சஃபையரா? ஆஸ்கரா?



ஜப்பான் கார்ட்டூன் என்றதும் நமக்கு டோரேமான்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆண் உடை போட்டு வாள் சண்டை போடும் பெண்களின் கதைகளும் அங்கே நிறைய உண்டு. படக்கதையை ஜப்பானில் மங்கா என்கிறார்கள். அது கார்ட்டூன் படமாக வந்தால் அனிமே. அப்படி இரண்டு கதைகளின் நாயகிகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒருத்தி சஃபையர், இன்னொருத்தி ஆஸ்கர். வெளியே பார்த்தால் ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி. உள்ளே பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

முதலில் சஃபையர். இவள் வரும் கதை 'ரிபன் நோ கிஷி'. ஒசாமு தெசுகா என்பவர் 1953-ல் ஆரம்பித்தது. சஃபையரின் நாட்டில் பெண் அரியணை ஏறக் கூடாது. அதனால் பிறந்தது இளவரசன் என்று ஊருக்குச் சொல்லி, அவளை ஆண் போல வளர்க்கிறார்கள். இது வெறும் கற்பனை இல்லை. ஜப்பானிலேயே 1947-ல் வந்த அரச குடும்பச் சட்டப்படி ஆண் வாரிசுதான் பேரரசர் ஆக முடியும்.

சஃபையருக்கு ரெண்டு இதயம். அவள் பிறக்கும் முன்பே டிங்க் என்ற குட்டி தேவதூதன் செய்த குறும்பால், பெண் இதயத்தோடு ஒரு ஆண் இதயமும் சேர்ந்து விட்டது. ஆண் இதயம் இருக்கும்வரை வாள் சண்டையில் புலி. அதை எடுத்துவிட்டால் கை தளர்ந்து போகிறாள்.

அடுத்து ஆஸ்கர். ரியோகோ இகேடா என்ற பெண், தன் 24 வயதில், 1972-ல் எழுதத் தொடங்கிய 'வெர்சாய் ரோஜா' கதையில் வருகிறாள். இடம் பிரான்ஸ். ஒரு தளபதிக்கு வரிசையாகப் பெண் குழந்தைகள். அடுத்ததும் பெண்தான். "இவளை மகனாக வளர்ப்பேன்" என்று முடிவு செய்கிறார். ஆஸ்கர் வளர்ந்து, ராணி மேரி அன்டோனெட்டின் காவல்படைக்குத் தலைவி ஆகிறாள். அவள் பெண் என்பது அரண்மனைக்கே தெரியும். ஒளிவு மறைவு கிடையாது. அவளுக்கு இருப்பது ஒரே இதயம்தான்!

என் கட்சி ஆஸ்கர் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

சஃபையர் கதையில் தைரியம் ஆணுடைய சொத்து. அவளுக்கு அது தவறி வந்த கடன். கடன் திரும்பிப் போனால் தைரியமும் போய்விடும். ஆஸ்கருக்கு அப்படி இல்லை. சாதாரணக் குடும்பத்து வீரர்கள் நிறைந்த வேறொரு படைக்கு அவள் தலைவியாகப் போகிறாள். "பொம்பளை சொல்லி நாங்க கேக்கணுமா?" என்று அவர்கள் முறைக்கிறார்கள். அவள் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களை ஜெயிக்கிறாள். 1789 ஜூலை 14, பாஸ்டில் சிறை தாக்கப்பட்ட நாள். அன்று ஆஸ்கர் மக்கள் பக்கம் நின்று சண்டையிட்டு உயிரை விடுகிறாள். பாஸ்டிலை நாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். ஆஸ்கர் கற்பனைப் பாத்திரம்.

"ஆஸ்கரையும் அப்பாதானே ஆண் மாதிரி வளர்த்தார்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே அப்பா பிறகு மனசு மாறி மாப்பிள்ளை பார்க்கும்போது, அவள் முடியாது என்கிறாள். தொடங்கி வைத்தது அப்பா. தொடர்ந்தது அவள் முடிவு.

அதற்காகத் தெசுகாவைக் குறை சொல்ல முடியாது. 1953-ல் ஒரு பெண் கையில் வாளைக் கொடுத்ததே பெரிய விஷயம். அவர் சிறுவனாக வளர்ந்த ஊர் தகராசுகா. பெண்களே ஆண் வேடமும் போடும் நாடகக் குழு 1914 முதல் அங்கே நாடகம் நடத்துகிறது. சஃபையர் பிறந்ததற்கு அந்த நாடகங்கள் ஒரு காரணம். 1974-ல் அதே குழு ஆஸ்கர் கதையை மேடையேற்றியது. ஆகவே சஃபையர் போட்ட பாதையில்தான் ஆஸ்கர் நடந்தாள் என்றும் சொல்லலாம்.

சரி, இதை ஏன் நம் சுவர்ப் பத்திரிகையில் எழுதுகிறேன்? விளையாட்டு விழாவில் ஒரு பெண் குண்டு எறிதலில் ஜெயித்தால், "ஆம்பளைப் பிள்ளை மாதிரி எறிஞ்சா பாரு!" என்கிறோம். பாராட்டத்தான் சொல்கிறோம். ஆனால் அவள் எறிந்தது அவள் கையால்தானே? நாம் அவளுக்கு ரெண்டாவது இதயம் ஒன்றை மாட்டி விடுகிறோம்! பையன் அழுதால் "பொம்பளை மாதிரி அழாதே" என்கிறோம். அதுவும் அதே கணக்குதான். பயமும் அழுகையும் பெண்ணுக்கு, பலமும் தைரியமும் ஆணுக்கு என்று பிரித்துக் கொடுத்தது யார்?

அடுத்த முறை ஒரு பெண் ஜெயித்தால், "நல்லா எறிஞ்சா!" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அது போதும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி