சந்தைதான், ஆனால் காய்கறி இல்லை

பெங்களூரு குமாரகிருபா சாலையில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் வண்டிகள் ஓடாது. கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003இல் தொடங்கிய ‘சித்ர சந்தெ’ அன்றைக்கு அந்தச் சாலையை எடுத்துக்கொள்ளும். நண்பர்கள் நாலு பேர் போயிருந்தோம். பெயர் பொருத்தம்தான்: நடைபாதையில், மரத்தடியில், சுவரோரம் என்று படங்களைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். தங்க ரேக்கு மின்னும் தஞ்சாவூர்ப் பாணிக் கண்ணனுக்குப் பக்கத்திலேயே, என்னவென்று புரியாத நீலத் திட்டுகள். புரியாத படத்தின் முன் நின்று தலையாட்டுவதில் எங்களில் ஒருவன் கெட்டிக்காரன். நான் கேட்டேவிட்டேன். “கிணற்றுக்குள்ளிருந்து பார்த்த வானம் சார்” என்றார் வரைந்த பெண். குளிரூட்டிய கலைக்கூடத்தில் இப்படிக் கேட்க எனக்கு வாய் வராது; வரைந்தவரும் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார். அப்புறம்தான் கூத்து. வழியில் முந்நூறு ரூபாய்க்குக் காபி குடித்த அந்தத் தலையாட்டி, எண்ணூறு ரூபாய் நீர்வண்ணப் படத்தை நானூறுக்குக் கேட்டான். சந்தை என்றால் பேரம் உண்டாம். கத்திரிக்காய்க்காரருக்கு நாளைக்கும் சந்தை உண்டு. இந்த ஓவியர்களில் பலர் வெளியூரிலிருந்து இந்த ஒரு நாளை நம்பி வருகிறார்கள். விற்காததைத் துணியில் சுற்றித் திரும்ப ரயிலேற்ற வேண்டும். இதைச் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே முழு விலையைக் கொடுத்தான். சித்ர சந்தெ வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் கால் வைக்க இடமிருக்காது. கேட்ட விலையைக் கொடுங்கள்.