அம்மாச்சி போட்டோவைப் பெரிதாக்கப் போகிறீர்களா? முகம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

போடிநாயக்கனூரில் இருந்து குரங்கணி, போடிமெட்டு என்று மலையேறி ஏலத்தோட்டங்களில் உழைத்த தலைமுறையில், ஸ்டுடியோவுக்குப் போய் போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் பலர். அவர்கள் காலமான பிறகு மாலை போட்டு மாட்ட ஒரு படம் தேடினால், பழைய பட்டன் போனில் எடுத்ததோ, வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்ததோதான் கிடைக்கும். அதைப் பெரிதாக்கினால் முகம் மங்குகிறது. 'ஏஐ' ஆப்பில் போட்டால் பளிச்சென்று வருகிறது. ஆனால், அது அம்மாச்சியின் முகம்தானா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். விஜிஏ கேமரா எடுக்கும் படத்தில் 640-க்கு 480 புள்ளிகள், அதாவது சுமார் 3 லட்சம் புள்ளிகள் இருக்கும். 8-க்கு 10 இன்ச் படத்தை, இன்ச்சுக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் பிரின்ட் போட 72 லட்சம் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளி இருந்த இடத்தில் 23 புள்ளிகள்! மீதி 22-ஐ சாஃப்ட்வேர்தான் இட்டு நிரப்புகிறது.

போடிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். உலர்ந்த ஏலக்காயைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பும், பச்சைக்காய் ஆகிவிடாது. சுருங்கிய படமும் அப்படித்தான்.

சாதாரண சாஃப்ட்வேர், பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து இடைவெளியை நிரப்பும். மங்கல் வருவது அதனால்தான். ஏஐ, தான் பார்த்துப் பழகிய ஏராளமான படங்களை வைத்து, 'இங்கே இப்படித்தான் இருக்கும்' என்று ஊகித்து வரைகிறது. 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பல்ஸ்' சாஃப்ட்வேரில் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, ஒரு வெள்ளைக்காரரின் தெளிவான முகம் வந்தது. ஒபாமாவுக்கே அந்தக் கதி என்றால், தண்டட்டி போட்ட அம்மாச்சியின் காதை ஏஐ எப்படி வரையும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

* முதல் வேலை, ஒரிஜினலைத் தேடுவது. படம் எடுத்தவரின் போன், மெமரி கார்டு, கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் பாருங்கள். கிடைத்தால், வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் படம் சுருங்காமல் வரும்.

* காகித போட்டோ இருந்தால் போனில் படம் பிடிக்காதீர்கள். 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். சின்ன பாஸ்போர்ட் சைஸ் போட்டோகூட போன் படத்தைவிட நன்றாக வரலாம்.

* ஒரேயடியாக 8 மடங்கு போகாமல், 2 மடங்கோடு நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் 'அப்ஸ்கெய்ல்' என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். கம்ப்யூட்டரிலேயே வேலை நடப்பதால், வீட்டுப் படம் வெளியே போகாது. 'ஃபேஸ் என்ஹான்ஸ்' மாதிரி முகத்தைத் திருத்தும் வசதி எந்த ஆப்பில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

* பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து மச்சம், மூக்குத்தி, பல்வரிசை, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் சரியா என்று பாருங்கள். அவரோடு கூடவே இருந்த ஒருவரிடம் காட்டிவிட்டு பிரின்ட் போடுங்கள்.

* முகம் மாறினால் படத்தின் அளவைக் குறையுங்கள். விஜிஏ படத்தை 4-க்கு 3 இன்ச்சில் பிரின்ட் போட்டால் ஓரளவு தெளிவாகவே இருக்கும். சுற்றி அகலமான வெள்ளை மவுன்ட் வைத்தால் பெரிய ஃபிரேமிலும் பொருந்தும்.

எதைச் செய்தாலும், அந்தப் பழைய சின்னப் படத்தை மட்டும் டெலிட் செய்துவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு அம்மாச்சியின் நிஜ முகம் அதில்தான் இருக்கிறது.