பழங்கல்லூரியும் புது நூலகமும்

பழமை வாய்ந்த கல்லூரி ஒன்றில் நூலகத்தை விரிவாக்க வேண்டுமென்ற பேச்சு எழும்போதெல்லாம், பழைய கட்டடத்தின் நிழலைக்கூடத் தீண்டலாகாது என்பார் ஒருபுறமும், கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமுமே முன்னேற்றத்தின் லட்சணம் என்பார் மறுபுறமுமாக இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. புதிய பகுதி அவசியம் வேண்டும். ஆனால் வெயிலையும் காற்றையும் ஆளும் வித்தையை அது பழைய கட்டடத்திடமிருந்தே முதலில் கற்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பதை, 1931-இல் தாம் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதி விதியாக வகுத்தார் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். சென்னை எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமே அதற்குப் பிரத்தியட்ச சாட்சி. வண்ணக் கண்ணாடியும் தேக்கு மர வேலைப்பாடும் நிறைந்த அதன் பழைய மண்டபம் பெருகிவந்த நூல்களைத் தாங்காத நிலையில், அதை இடிக்காமல் 1970-களில் அருகிலேயே புதுக் கட்டடம் எழுப்பினார்கள். வளர்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் விரோதமில்லை என்று அது காட்டிற்று.

கொங்கு நாட்டிலும் இத்தகைய பழங்கட்டடச் செல்வம் உண்டு. சைதாப்பேட்டையிலிருந்து 1906-இல் கோயமுத்தூருக்குப் பெயர்ந்து வந்த விவசாயக் கல்லூரியின் கட்டடமும், 1862-லேயே ரயில் வந்து சேர்ந்த எங்கள் போத்தனூரின் பழைய ரயில்வே கட்டடங்களும், மின்விசிறி பரவலாகாத காலத்து ஞானத்தைச் சுமந்து நிற்பவை. தடித்த சுவரும், உயர்ந்த கூரையும், ஆழ்ந்த தாழ்வாரமும், சூடேறிய காற்று வெளியேற உச்சியில் விட்ட காற்றுப்போக்கியும் அலங்காரத்துக்காக அமைந்தவையல்ல. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்று இயற்கை நமக்களித்த விசேஷ சௌகரியம். அதற்கு வழிவிடாமல் சுவரெழுப்பிவிட்டு, உள்ளே மின்சாரத்தைச் செலவிட்டுக் குளிர் உண்டாக்குவது எவ்வகையில் விவேகமாகும்?

ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் உள்ள நம் ஊரில், கடும் வெயில் கூரையிலும் கிழக்கு மேற்குச் சுவர்களிலுமே அதிகமாக விழுகிறது. ஆகவே புதுப் பகுதி கிழக்கு மேற்காக நீண்டு, வாசிப்போருக்கு வடக்கு வெளிச்சம் தந்து, ஏடுகளின் மேல் நேர்வெயில் படாதவாறு அமைதல் வேண்டும். கூரையில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்து, சூரிய மின்தகடுகளையும் அங்கேயே வைக்கலாம். பழைய கூரைக்கு அப்பாரம் வேண்டாம். குளிர்சாதனம் அரிய நூல்களும் சுவடிகளும் இருக்கும் அறையோடு நிற்கட்டும். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசுவோர், உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேறவொட்டாமல் அடைத்துச் சுவருக்கும் புத்தகங்களுக்கும் ஒருங்கே கேடு விளைவிக்கிறார்கள் என்பதையும் உணர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொருட்செலவு மிகுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். திசையைச் சரியாகத் தேர்வதற்கும் மரநிழலைக் காப்பதற்கும் பெருஞ்செலவு ஏது? ஆற்றல் சேமிப்புக்கான கட்டட விதிகளை மத்திய அரசு 2007-லேயே வகுத்தளித்தது. 2010-இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் பசுமைக் கட்டடத்துக்கான லீட் தங்கச் சான்று பெற்றது. அவ்வளவு பிரம்மாண்டமான நூலகத்துக்குச் சாத்தியமானது ஒரு கல்லூரியின் சிறு விரிவாக்கத்துக்கு அசாத்தியமாகாது.

எனவே, வரைபடம் தீட்டுவதற்கு முன் பழைய கட்டடத்தின் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் கோடை, மழை இரு பருவங்களிலும் அளந்தறியும்படி கல்லூரி நிர்வாகங்கள் பொறியாளரைப் பணிக்க வேண்டும். புதுப் பகுதி எழுந்தபின் பழைய மண்டபத்தைப் பழஞ்சாமான் அறையாக்காமல், மாணவர் அமர்ந்து படிக்கும் இடமாகவே வைத்திருத்தல் வேண்டும். மாணவர் நாள்தோறும் புழங்கும் கட்டடத்தையே எந்த நிர்வாகமும் பழுது பார்த்துப் பேணும்.